நொய்யல் கரைக் கிணறு உப்பேறினால் யாரைக் கேட்பது?

திருப்பூருக்குக் கிழக்கே, ஒரத்துப்பாளையம் அணைக்கு மேல்புறம் நொய்யல் கரையை ஒட்டி நான்கு ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். தென்னை, கொஞ்சம் மஞ்சள், இரண்டு கறவை மாடுகள், இவற்றை வைத்துத்தான் ஜீவனம். தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில் குடிக்க உதவிய கிணறு பிறகு உப்பாகிவிட்டது. 2011க்குப் பின் சற்றுத் தேறியது, இந்த மூன்று வருடமாக மறுபடியும் கரிக்கிறது. ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர் மீட்டரை விட்டுப் பார்த்து 3,400 டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) என்றாராம். போன ஐப்பசி மழையில் ஆற்றில் ஆள் உயர நுரை. கோடையில் ஒரு விடியற்காலை தடுப்பணையில் மீன்கள் செத்து மிதந்தன. மூன்று கிலோமீட்டர் மேலே இருக்கும் ஒரு சாயப்பட்டறைதான் காரணம் என்று ஊரில் மனு தயாராகிறது, அவரிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். கொழுந்தனாரோ, "வம்பு வேண்டாம், 800 அடிக்கு போர் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார். கையெழுத்துப் போடலாமா, பட்டறைக்காரர் வழக்குப் போட்டால் என்ன செய்வது, இத்தனை வருடம் கழித்து நஷ்டஈடு கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள். "தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம், அதனால் பயமில்லை" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மனு ஒரு வாரம் காத்திருக்கலாம், உங்கள் வீட்டுக் குடிதண்ணீர் காத்திருக்கக் கூடாது.

குழந்தை பிறக்கும் முன்

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பும் நைட்ரேட்டும் அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அவற்றின் அளவு கூடத்தான் செய்யும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். தாண்டினால் பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. புட்டிப்பால் கரைக்கவோ, பெரியவர்கள் பழக்கத்தில் கொடுக்கும் சர்க்கரைத் தண்ணீருக்கோ கிணற்று நீரைத் தொடவே தொடாதீர்கள். பஞ்சாயத்துக் குழாயில் கூட்டுக் குடிநீர் எப்போது வந்தாலும் அதைக் குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பிடித்து, மூடி வையுங்கள். இதைக் கொதிக்கவைத்துக் குடிப்பது நல்லது. கிணற்று நீரைக் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு ஆர்.ஓ. மெஷின் வாங்க அவசரப்பட வேண்டாம். வீட்டு உபயோக மாடல்களில் பெரும்பாலானவை 2,000 டிடிஎஸ் வரையிலான தண்ணீருக்கானவை. உங்கள் கிணற்று நீரை விட்டால் உப்பை வடிகட்டும் மெம்பிரேன் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும், மாற்றும் செலவு உங்கள் தலையில். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பக்கவாட்டுக் குழாயில் வெளியேறும் கழிவுநீரைக் கிணற்றடியில் விடாதீர்கள். அது திரும்பக் கிணற்றுக்கே போகும்.

மாடுகளுக்கு மனிதரைவிடத் தாங்கும் சக்தி உண்டு. டிடிஎஸ் 3,000 வரை தொந்தரவில்லை. 3,000 முதல் 5,000 வரை முதலில் கழிச்சல் கண்டு பிறகு பழகலாம். 7,000 தாண்டினால் சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் காட்டக் கூடாது. டிடிஎஸ் குறைவாக இருந்தும் மாடு கழிந்துகொண்டே இருந்தால் சல்பேட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும் சல்பேட் வயிற்றைப் போக்கும்.

நுரை, நிறம், செத்த மீன்

ஊரில் எல்லாரும் நுரையைப் பார்த்துத்தான் சாயப்பட்டறை என்கிறார்கள். நுரை என்பது சோப்பு. கோவையிலிருந்து திருப்பூர் வரை வீடுகளில் துவைத்த, குளித்த தண்ணீர் சாக்கடை வழியே நொய்யலில் சேர்கிறது. திருப்பூரில் நல்லாறு, ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் எல்லாம் நகரத்துக் கழிவைச் சுமந்தே ஆற்றுக்கு வருகின்றன. கோடையெல்லாம் தேங்கிக் கிடந்ததை முதல் மழை மொத்தமாகத் தள்ளிவிடும்போது, தடுப்பணையில் விழுந்து காற்று கலந்து நுரை மலையாக எழும்புகிறது. பட்டறைகளிலும் துணியை நனைக்கவும் அலசவும் சோப்பு ரசாயனங்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நுரையை மட்டும் பார்த்து இது வீட்டுச் சோப்பா பட்டறைச் சோப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

நிறமும் ஏமாற்றும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். குளோரின் போட்டு நிறத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் பளிங்குபோல் ஆகிவிடும், உப்பு மட்டும் அப்படியே இருக்கும். உங்கள் தோட்டத்தைக் கெடுப்பது அந்த உப்புதான். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்காகச் சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ போடுகிறார்கள். நிறத்தைப் பொறுத்து ஒரு கிலோ துணிக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ, அடர் நிறமென்றால் அதற்கு மேலும் ஆகும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பில் ஒரு பொட்டுகூடத் தங்காது, முழுக்கக் கழிவில்தான் வரும். கலங்காத தண்ணீர்தானே என்று ஆற்றிலிருந்து மோட்டார் வைத்துப் பாய்ச்சியவர்கள் நிலத்தைக் கெடுத்துக்கொண்டது இப்படித்தான்.

மீன் விஷயத்தில் நீங்கள் ஒரு நல்ல தகவலைக் கொடுத்திருக்கிறீர்கள்: விடியற்காலை. சாக்கடை சேர்ந்த தண்ணீரில் இரவெல்லாம் பாசியும் ஆகாயத்தாமரை வேரும் கிருமிகளும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், வெயில் வந்தால்தான் பாசி திரும்ப ஆக்சிஜன் விடும். ஆகவே விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பெரிய மீன் முதலில் சாகும். அடுத்த முறை இப்படி நடந்தால் எந்தெந்த மீன் செத்தது என்று பாருங்கள். கெண்டை செத்து விராலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் உயிரோடிருந்தால் ஆக்சிஜன் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம், அவை இரண்டும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். விராலும் சேர்ந்து செத்து, நத்தையும் தண்ணீர்ப் பூச்சியும் மிதந்தால் விஷம் என்று சந்தேகிக்க வேண்டும். பட்டப்பகலில் நடந்தாலும் அப்படியே.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் நுரையும் மீன் சாவும் நகரச் சாக்கடையைக் காட்டுகின்றன. கிணற்று உப்பு தனிக் கதை.

கிணற்று உப்பு எங்கிருந்து வந்தது?

இங்கே சந்தேகிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, பழைய உப்பு. 1990களில் பட்டறைகள் பெருகி, கழிவை அப்படியே ஆற்றில் விட்ட காலத்தில் நிலத்துக்குள் இறங்கியது. ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டு, சில வருடங்களிலேயே கழிவுத் தேக்கமாகிப் போனது உங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு வசதி இருந்தால்தான் இயங்கலாம் என்ற நிலை வந்தது. உங்கள் கிணறு அதன் பிறகு தேறியது இதற்குப் பொருந்துகிறது. ஆனால் பாறை இடுக்குகளில் இறங்கிய உப்பு ஒன்றிரண்டு மழையில் கழுவிப் போய்விடாது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அதுவே திரும்பக் கரிக்கும்.

இரண்டு, இப்போதைய பட்டறைக் கழிவு. சுத்திகரிப்பில் ஆர்.ஓ. வரை சுலபம். அதில் மிஞ்சும் கடும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைப்பதில்தான் மின்சாரமும் விறகும் காசைத் தின்னும். அதனால் தப்பு நடந்தால் அந்த இடத்தில்தான் நடக்கும், பெரும்பாலும் ராத்திரியிலும் மழையிலும். வற்றவைத்த பின் கிடைக்கும் கலவை உப்பை மூட்டை கட்டிக் கூரையில்லாத இடத்தில் அடுக்கியிருந்தால், யாரும் திறந்துவிடாமலே மழை அதைக் கரைத்துக்கொண்டு வரும். அனுமதியே வாங்காமல் நடக்கும் சின்னச் சலவைப்பட்டறைகளையும் கணக்கில் எடுங்கள்.

மூன்றாவது, உங்கள் ஊர் மனுவில் யாரும் நினைத்துப் பார்த்திராதது: தென்னை நார்த் தூளைக் கழுவும் தண்ணீர். காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் ஏற்றுமதிக்கு முன் தூளைக் கழுவி அதிலுள்ள உப்பை எடுக்கிறார்கள். டீத்தண்ணீர் நிறத்தில் ஓடும் அந்தக் கழிவில் பொட்டாசியமும் குளோரைடும் அதிகம். உங்கள் கிணற்றுக்குக் கிழக்கிலோ தெற்கிலோ, ஆற்றுக்குச் சம்பந்தமில்லாத திசையில் அப்படி ஒரு களம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கு, நம் தோட்டமே. தொழுவமும் குப்பைக்குழியும் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால், யூரியா அளவுக்கு மேல் போனால், நைட்ரேட் ஏறும். கிணற்றை நாள் முழுக்க இறைத்தால் நீர்மட்டம் ஆற்றுக்குக் கீழே போய், ஆற்று நீரை நாமே உள்ளே இழுப்போம்.

இந்த நான்கையும் பிரித்துக் காட்டுவது சோதனை அறிக்கைதான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ கொடுங்கள். 'டிடிஎஸ் மட்டும் போதும்' என்று சொல்லிவிடாதீர்கள். மின்கடத்தும் திறன், அமிலத்தன்மை, கடினத்தன்மை, சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு, சல்பேட், நைட்ரேட் எல்லாம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சோடியமும் குளோரைடும் சல்பேட்டும் சேர்ந்து ஏறியிருந்தால் பட்டறைப் பக்கம் பார்வை போக வேண்டும், அது பழையதா புதியதா என்பது அடுத்த கேள்வி. பொட்டாசியம் வழக்கத்துக்கு மாறாக ஏறியிருந்தால் நார்த் தூள். நைட்ரேட் தூக்கலாக இருந்தால் சாக்கடை, தொழுவம், உரம்.

மாதிரி எடுப்பதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். குளிர்பானப் பாட்டில் வேண்டாம். ஆய்வகத்தில் தரும் ஒரு லிட்டர் கேனை வாங்கி, எடுக்கப்போகும் அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். கிணற்றில் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டபின் பிடியுங்கள். ஆற்றில் என்றால் நுரையை ஒதுக்கி, ஓட்டம் உள்ள இடத்தில், மேற்பரப்புக்கு ஓர் அடி கீழே. கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் சுத்தம் செய்த புட்டி தனி, அதை அலசக் கூடாது, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். தேதி, நேரம், இடம் மூன்றையும் கேன் மேலேயே எழுதுங்கள்.

கூடவே மின்கடத்தும் திறனை நேராகக் காட்டும் கைமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இ.சி. மீட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். டிடிஎஸ் மீட்டர் உண்மையில் உப்பை அளப்பதில்லை. இ.சி.யை அளந்து, 0.5 ஆலோ 0.7 ஆலோ பெருக்கிக் காட்டுகிறது. அந்த விற்பனையாளர் சொன்ன 3,400, ஒரு மீட்டரில் இ.சி. 6,800, இன்னொன்றில் 4,850 என்றாகும். பாசனத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் உச்சம் இ.சி. 2,250. எப்படிப் பார்த்தாலும் உங்கள் தண்ணீர் அதைத் தாண்டுகிறது. தென்னை ஓரளவு தாங்கும், மஞ்சள் தாங்காது. ஆனால் எவ்வளவு தாண்டுகிறது என்பது நஷ்டஈட்டுக்கு முக்கியம். மீட்டரோடு வரும், இ.சி. 1,413 என்று குறித்த சரிபார்ப்புக் கரைசலில் வாரம் ஒரு முறை சரிபார்த்து, கிணற்றிலும் ஆற்றிலும் தினம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆற்றில் உப்பு திடீரென்று எகிறிச் சில நாளில் கிணறும் எகிறினால், ஆற்றில் புதிதாக ஏதோ கலக்கிறது. ஆறு ஒரே சீராக இருக்க, கிணறு மட்டும் கோடையில் ஏறி மழையில் இறங்கினால் பழைய உப்பு. ஆற்றுக்குச் சம்பந்தமில்லாமல் கிணறு மட்டும் ஏறிக்கொண்டே போனால் நிலத்துப் பக்கத்தில் தேடுங்கள்.

கொழுந்தனார் சொல்லும் 800 அடி போருக்கு இப்போது சம்மதிக்க வேண்டாம். நம் பக்கம் அடியில் பாறை. போரில் மேல்மண் உள்ள ஆழத்துக்கு மட்டும்தான் கேசிங் குழாய் இறக்குவார்கள். அந்தக் குழாய்க்கும் பாறைக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சிமெண்ட் விட்டு அடைக்காவிட்டால், மேலே இருக்கும் உப்புத் தண்ணீர் அந்தத் துளை வழியே கீழேயும் இறங்கும். காசும் போய், இன்றைக்குக் கெடாத தண்ணீரும் கெட்டுப்போகும்.

மனுவில் கையெழுத்து

போடுங்கள், ஆனால் இப்போதுள்ள வாசகத்தில் வேண்டாம். "இன்ன பட்டறை விஷம் கலக்கிறது" என்று எழுதினால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம் வந்துவிடும். கண்ணால் பார்த்ததை எழுதினால் யார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது. உதாரணமாக: "இன்ன தேதி காலை 5.40 மணிக்கு, தடுப்பணைக்கு மேலே 200 மீட்டரில், வலது கரையில் உள்ள குழாயிலிருந்து தண்ணீர் விழுந்தது. குழாய்க்கு மேல்புறம் ஆற்றில் இ.சி. இவ்வளவு, குழாய் நீரில் இவ்வளவு, கீழ்ப்புறம் இவ்வளவு." மூன்று எண்களும் ஒரே நாளில், ஒரே மீட்டரில் எடுத்தவையாக இருக்க வேண்டும். மேல்புற எண் இல்லாத புகாரைப் பட்டறைக்காரர் ஒரே வரியில் தள்ளிவிடுவார், "மேலேயிருந்தே அப்படித்தான் வருகிறது" என்பார். ஆள் பெயரோடு வாட்ஸ்அப்பில் வீடியோ போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். அவதூறு வழக்கு என்ற பயம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும், பார்த்ததை மட்டும் சொல்லும் மனுவுக்கு அந்தப் பயம் அநாவசியம்.

மனு அந்த வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் போகட்டும், நகல் ஆட்சியருக்கு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேளுங்கள். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 21ஆம் பிரிவின்படி மாதிரி எடுக்க வேண்டும். உரிமையாளர் தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்திட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அந்த முறைப்படி எடுக்காத மாதிரி வழக்கில் செல்லாது. உங்கள் கேனில் பிடித்த தண்ணீரும் தண்டனைக்கான சாட்சியம் ஆகாது. ஆனால் அது வீண் இல்லை: வாரியத்தை எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று காட்டுவது அதுதான். 25ஆம் பிரிவின்படி, கழிவை வெளியேற்ற அளித்த அனுமதிகளின் நிபந்தனைகளை வாரியம் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் பார்க்கலாம். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தின் உள்வரும், வெளியேறும் நீர் மீட்டர் பதிவு, மின்சாரச் செலவு, கையிருப்பில் உள்ள கலவை உப்பின் எடை, இவை மூன்றையும் கேளுங்கள். தண்ணீர் உள்ளே போன அளவுக்கு மின்சாரமும் ஓடவில்லை, உப்பும் சேரவில்லை என்றால், மீதி எங்கே போனது என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சாக்கடைக்காக உள்ளாட்சி அமைப்பின் பெயரையும் மனுவில் சேருங்கள். அதை விட்டுவிட்டுப் பட்டறையை மட்டும் குற்றம் சொன்னால், பட்டறையே மூடினாலும் நுரை நிற்காது.

நஷ்டஈடும் காலக்கெடுவும்

வழி இருக்கிறது. 1996இல் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே நஷ்டத்தையும் சீரமைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று அதற்கான இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. மாசை நிறுத்தச் சொல்லும் மனுவுக்கு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம் கெடு. நஷ்டஈடு கேட்க ஐந்து வருடம். தக்க காரணம் காட்டினால் இரண்டிலும் 60 நாள் கூடுதலாகக் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை. "மூன்று வருடமாகத்தான் மறுபடியும் கரிக்கிறது" என்ற உங்கள் வரி அதனால் மிக முக்கியம். 1990களின் பாதிப்புக்கு இப்போது புதிதாகக் கேட்பது கடினம், இந்த மூன்று வருடத்துக்குக் கேட்கலாம். ஆகவே இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். உங்கள் சர்வே எண் பழைய நஷ்டஈட்டுப் பட்டியல் எதிலாவது வந்திருந்தால் அந்தக் காகிதத்தையும் தேடி எடுங்கள். முன்பே வாங்கியிருப்பது இப்போது கேட்பதற்குத் தடையாகாது, ஆனால் மறைக்கக் கூடாது.

கட்டணம், கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்குக் கட்டணமில்லை. பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் பார்க்காமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை நியமிக்க வேண்டும். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதால், உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் அது எடுத்துப் பார்க்கும்.

நஷ்டத்தைக் காட்டக் காகிதம் வேண்டும். மஞ்சள் போட்ட வருடமும் விட்ட வருடமும் தெரியும்படி கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்குங்கள். பால் சொசைட்டி பாஸ்புக், தேங்காய் விற்ற சீட்டு, கால்நடை மருத்துவர் எழுதிய சீட்டு, மண் பரிசோதனை அறிக்கை எல்லாம் சேரட்டும். மண்ணைச் சோதிக்காமல் யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள். சோடியம் ஏறிய மண்ணுக்கு ஜிப்சம்தான் உதவும், அதுவும் நல்ல தண்ணீரோ மழையோ கழுவி இறக்கினால்தான்.

உங்கள் பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஆற்றில் புதுத் தண்ணீர் வருவதற்கு முன்பே கிணற்றின் முதல் முழுச் சோதனையும், குறைந்தது இருபது நாள் இ.சி. பதிவும் கையில் இருக்க வேண்டும். முதல் வெள்ளம் வந்துவிட்டால் அதற்கு முந்தைய நிலையைப் பிறகு எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது. மனுவின் வாசகத்தைத் திருத்தும்போது அறிக்கையின் நகலையும் இணைத்து, ஊரில் இன்னும் நான்கைந்து கிணறுகளை அளக்கச் சொல்லுங்கள். ஆற்றோரத்தில் இரண்டு, உள்ளே தள்ளி இரண்டு என்று இருக்கட்டும்.